நாம் எழுதிய புரோகிராம் யாருக்குச் சொந்தம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘காப்பிரைட் அசைன்மென்ட்’ பற்றிப் பேசப் போகிறேன் என்று சங்கச் செயலாளரிடம் சொன்னேன். “அசைன்மென்ட் தெரியும், காப்பி அடிக்கிறதும் தெரியும். நடுவிலே இந்த ரைட் எங்கேயிருந்து வந்துச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த ‘ரைட்’ எங்கிருந்து வருகிறது, நம் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்படிக் கை மாறுகிறது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் இங்கே படிக்கும் பிள்ளைகள்தான். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டிலேயே கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குக் கோடு எழுதி அனுப்புகிறார்கள். பயோடேட்டாவில் அதைத்தான் முதல் வரியாகப் போடுகிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் சில திட்டங்களில், நீங்கள் அனுப்பியதை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் ஒரு பத்திரம் வரும். “இதிலே கையெழுத்துப் போடுங்கள், பிறகு சேர்த்துக்கொள்கிறோம்” என்பார்கள். “சார், பேப்பர் வந்திருக்கு, போட்டுடலாமா?” என்று என்னிடம் கேட்டவர்கள் சிலர். கேட்காமலே போட்டவர்கள் எத்தனையோ பேர்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராமை நீங்கள் எழுதிய மாத்திரத்தில் அதன் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கேயும் போய்ப் பதிவு பண்ண வேண்டியதில்லை. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதைக் கவனிக்கிறது. 1984-இல் வந்த திருத்தம் கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் சேர்த்துவிட்டது. ஆக, இரவு இரண்டு மணிக்கு ஹாஸ்டலில் உட்கார்ந்து புரோகிராம் அடிக்கிற தம்பி, சட்டத்தின் கண்ணில் ஓர் இலக்கியப் படைப்பாளி! அவர் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும்.

இரண்டாவது, உரிமை வேறு, உரிமம் வேறு. இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் ஊர் பாஷையில் சொன்னால், நிலம் யார் பேரில் இருக்கிறது என்பது ஒன்று. அந்த நிலத்தில் யார் நடக்கலாம், யார் தண்ணீர் எடுக்கலாம் என்று சொந்தக்காரர் அனுமதி கொடுப்பது இன்னொன்று. கட்டற்ற மென்பொருளின் உரிமம், அதாவது ஜி.பி.எல். போன்ற லைசென்ஸ், இரண்டாவது வகை. “யாரும் பயன்படுத்தலாம், பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்” என்று சொந்தக்காரர் ஊருக்கே அனுமதி கொடுக்கிறார். ஆனால் சொந்தம் அவரிடமே இருக்கிறது. சொந்தம் இருப்பதால்தான், அனுமதியின் நிபந்தனையை மீறுகிறவரைக் கோர்ட்டில் நிறுத்த முடிகிறது. சொந்தம் இருப்பதால்தான், நாளைக்கு வேறு நிபந்தனையில் இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடிகிறது. இந்த இரண்டு அதிகாரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

உங்களிடம் வரும் பத்திரம் மூன்று விதமாக இருக்கலாம். முதல் வகை அசைன்மென்ட். இது கிரயப் பத்திரம் மாதிரி. உரிமையே அவர்கள் பேருக்குப் போய்விடும். இரண்டாவது வகை, சொந்தம் உங்களிடமே இருக்கும், ஆனால் அவர்கள் எந்த லைசென்ஸில் வேண்டுமானாலும் வெளியிட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி எழுதிக் கொடுப்பது. இதைச் சுருக்கமாக சி.எல்.ஏ. என்கிறார்கள். பட்டா உங்கள் பேரில், பவர் அவர்கள் கையில். மூன்றாவது வகையில் பத்திரமே கிடையாது. அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் உங்கள் பெயரைப் போட்டு, “இது என்னால் எழுதப்பட்டது, அல்லது இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு” என்று உறுதி சொல்வதோடு சரி.

இந்தப் பத்திரமெல்லாம் எதற்கு வந்தது? ரிச்சர்டு ஸ்டால்மன் கதையிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1983 செப்டம்பரில் ‘க்னூ’ என்ற திட்டத்தை அறிவித்தார். எல்லோரும் சுதந்திரமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதுவது என்பது திட்டம். 1984 ஜனவரியில் அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வேலையை ராஜினாமா செய்தார். சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதினால், நாளைக்கு நிறுவனம் “இது எங்கள் சொத்து” என்று சொல்லிவிடலாம் என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை மறக்காதீர்கள். நம் சட்டத்திலும் அதே கதைதான், பின்னால் சொல்கிறேன்.

அடுத்து அவர் எழுதிய பெரிய புரோகிராம் க்னூ இமாக்ஸ். ஜேம்ஸ் காஸ்லிங் என்பவர், பிற்காலத்தில் ஜாவா மொழியைப் படைத்தாரே அவரேதான், 1981-இல் ஒரு இமாக்ஸ் எழுதியிருந்தார். அது பலர் கைக்கும் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதன் உரிமையை யூனிப்ரெஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஸ்டால்மன் தன் புரோகிராமில் காஸ்லிங்கின் கோடு சிலவற்றை, அனுமதி இருக்கிறது என்ற நம்பிக்கையில் பயன்படுத்தியிருந்தார். யூனிப்ரெஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் 1985-இல் அந்தப் பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார். வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிய வீட்டில் ஒரு சுவரை இடித்துக் கட்ட வேண்டி வந்தது.

அதே 1985-இல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதன் முக்கியமான திட்டங்களுக்குக் கோடு கொடுப்பவர்கள் உரிமையை அறக்கட்டளை பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. காரணங்கள் இரண்டு. ஒன்று, யார் எழுதியது, கொடுக்கும் உரிமை அவருக்கு இருந்ததா என்பதற்குக் கையெழுத்தோடு ஆதாரம் இருக்கும். இன்னொன்று, யாராவது லைசென்ஸை மீறினால் வழக்குப் போட ஒரே ஆள் போதும். அமெரிக்கச் சட்டத்தில், அந்நாட்டுப் படைப்புக்காக வழக்குப் போட வேண்டுமானால் பதிவு செய்திருக்க வேண்டும். நூறு பேருடைய துண்டு துண்டான உரிமையைப் பதிவு செய்து, நூறு பேரையும் கோர்ட்டுக்குக் கூட்டி வருவது நடக்கிற காரியமா?

இந்த ஏற்பாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2008 டிசம்பரில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது அறக்கட்டளை வழக்குப் போட்டது. லிங்க்ஸிஸ் என்ற பெயரில் விற்ற சாதனங்களில் ஜி.சி.சி., ஜி-லிப்-சி போன்ற க்னூ புரோகிராம்கள் இருந்தன. அவற்றின் மூல நிரலை லைசென்ஸ் சொன்னபடி கொடுக்கவில்லை என்பது புகார். 2009 மே மாதம் சமரசமானது. நிபந்தனைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கவனிக்கத் தனியாக ஓர் அதிகாரியை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது. அறக்கட்டளைக்கு ஒரு தொகையும் கொடுத்தது. அத்தனை பெரிய நிறுவனத்தை எதிர்த்து நிற்க முடிந்ததற்கு, உரிமை ஒரே இடத்தில் இருந்தது பெரிய பலம்.

இப்போது நம் சந்திப்பு விழாவுக்குப் பொருத்தமாக, பிரிந்தவர் கூடிய கதை ஒன்றும், பிரிந்தவர் கூடாத கதை ஒன்றும் சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் லூசிட் என்ற நிறுவனம் தன் தேவைக்காக இமாக்ஸை எடுத்து வளர்த்தது. ஸ்டால்மன் குழுவோடு ஒத்துப்போகவில்லை. தனிக்குடித்தனம் போனார்கள். 1994-இல் லூசிட் நிறுவனமே மூடப்பட்டது. ஆனால் அந்தப் பிரிவு எக்ஸ்-இமாக்ஸ் என்ற பெயரில் பல ஆண்டுகள் ஓடியது. அதில் நல்ல நல்ல வசதிகள் இருந்தன. க்னூ இமாக்ஸ்காரர்கள் அவற்றை எடுத்துக்கொண்டிருக்கலாமே என்றால், முடியவில்லை. லைசென்ஸ் ஒன்றுதான், ஜி.பி.எல். தான். ஆனால் எழுதியவர்கள் எல்லோரும் உரிமையை அறக்கட்டளைக்கு எழுதித் தரவில்லை. யார் யார் எழுதினார்கள் என்று தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதும் ஆகிற காரியமாக இல்லை. எத்தனையோ வசதிகளை அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை என்று எழுத வேண்டியதாயிற்று.

இன்னொரு கதை ஜி.சி.சி. கம்பைலர். அதன் வளர்ச்சி மெதுவாகப் போகிறது என்ற மனக்குறையில் 1997-இல் ஒரு குழு பிரிந்து போய், ஈ.ஜி.சி.எஸ். என்று தனியாக நடத்தியது. ஆனால் அவர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். பிரிந்து போனாலும், உரிமையை அறக்கட்டளைக்கே எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை விடவில்லை. விளைவு என்ன? 1999 ஏப்ரலில், “நீங்கள்தான் நன்றாகச் செய்கிறீர்கள், இனி உங்களுடையதே அதிகாரபூர்வமான ஜி.சி.சி.” என்று அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. கோபித்துக்கொண்டு போன பிள்ளை திரும்பி வந்து குடும்பத் தலைவரான கதை. பத்திரம் சரியாக இருந்ததால் வாசல் சாத்தவில்லை. (சிரிப்பு)

இதைக் கேட்டால் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். வேறொரு வழியும் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய கூட்டு முயற்சிகளில் ஒன்று அந்த வழியில்தான் நடக்கிறது.

லினக்ஸைத்தான் சொல்கிறேன். 1991-இல் பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. அங்கே யாரும் யாருக்கும் உரிமையை எழுதிக் கொடுப்பதில்லை. எழுதியவர் கோடு எழுதியவருக்கே சொந்தம். சில சமயம் அவருடைய நிறுவனத்துக்குச் சொந்தம். ஒரே தோப்பில் ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கு ஒரு மரம் நட்ட மாதிரி. 2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம், தனக்குச் சொந்தமான யுனிக்ஸ் விஷயங்கள் லினக்ஸுக்குள் போய்விட்டன என்று ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. “எந்த வரி எங்கிருந்து வந்தது என்று காட்டு” என்று கேட்டால் காட்ட வேண்டுமே? 2004-இல் டோர்வால்ட்ஸ் ஒரு முறையைக் கொண்டு வந்தார். நான் முன்னே சொன்ன மூன்றாவது வகை அதுதான். ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் எழுதியவர் பெயர். அதைப் பார்த்துக் கை மாற்றியவர் பெயர். வக்கீல் வேண்டாம், பத்திரம் வேண்டாம். வந்த வழி மட்டும் எழுத்தில் இருக்கும்.

இதில் லாபம் என்ன? லினக்ஸை யாரும் மொத்தமாக விற்க முடியாது. நாளைக்கு ஒரு கோடீஸ்வரர் வந்து, “எல்லாவற்றையும் வாங்கி மூடிவிடுகிறேன்” என்றாலும், அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நடக்காது. சிதறிக் கிடப்பதே காவல்.

நஷ்டம் என்ன? அதையும் சொல்லத்தான் வேண்டும். லைசென்ஸை மாற்ற முடியாது. ஜி.பி.எல்.லின் மூன்றாம் பதிப்பு 2007-இல் வந்தது. லினக்ஸ் 1991-இன் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. டோர்வால்ட்ஸுக்கு மூன்றாம் பதிப்பு பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பிடித்திருந்தாலும் மாற்றுவது மலையைப் புரட்டுகிற வேலை. இரண்டாவது நஷ்டம், வழக்கு. கிறிஸ்டோஃப் ஹெல்விக் என்ற லினக்ஸ் புரோகிராமர், வி.எம்.வேர் நிறுவனத்தின் மீது 2015-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். லினக்ஸ் கோடைத் தன் தயாரிப்பில் சேர்த்துவிட்டு மூல நிரலைத் தரவில்லை என்று புகார். 2016-இல் வழக்குத் தள்ளுபடி. அப்பீலும் 2019-இல் தள்ளுபடி. லைசென்ஸ் மீறப்பட்டதா என்ற கேள்விக்கே கோர்ட் போகவில்லை. “அந்தக் கோடில் உங்களுடையது எது, அது தனியாகப் பாதுகாப்புப் பெறும் அளவுக்கு உள்ளதா என்று நிரூபிக்கவில்லை” என்பதோடு முடிந்துவிட்டது. தோப்பில் இது என் மரம் என்று காட்டுவது அவ்வளவு கஷ்டம்.

ஆக, ஒன்று சேர்த்தால் பலம், சிதறினால் காவல். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் எதைப் பார்த்து முடிவு பண்ணுவது? யாருக்கு எழுதிக் கொடுக்கிறோம், அவர் பதிலுக்கு என்ன வாக்குக் கொடுக்கிறார் என்பதைப் பார்த்துத்தான்.

ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் பத்திரத்தில் இரண்டு வாக்குறுதிகள் உண்டு. உங்கள் கோடை எப்போதும் சுதந்திரமான நிபந்தனைகளில்தான் வெளியிடுவோம் என்பது ஒன்று. நீங்கள் எழுதியதை நீங்களே வேறு எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள உங்களுக்குத் திருப்பி அனுமதி தருகிறோம் என்பது மற்றொன்று. கோயிலுக்கு நிலம் எழுதி வைக்கிறவர், “இதன் வருமானம் அன்னதானத்துக்கு மட்டும்” என்று சாசனத்தில் எழுதுகிறாரே, அந்த மாதிரி.

கம்பெனிப் பத்திரங்கள் பலவற்றில் இப்படி ஒரு வரி இருக்காது. மை-எஸ்.க்யூ.எல். கதையைப் பாருங்கள். அதன் உரிமை முழுவதும் ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. வெளியார் கோடையும் உரிமையோடுதான் வாங்கிக்கொள்வார்கள். ஊருக்கெல்லாம் ஜி.பி.எல்.லில் கொடுப்பார்கள், அந்த நிபந்தனை வேண்டாம் என்கிறவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வேறு லைசென்ஸில் கொடுப்பார்கள். உரிமை ஒரே கையில் இருந்தால்தான் இது முடியும். 2008-இல் சன் நிறுவனம் சுமார் நூறு கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. மை-எஸ்.க்யூ.எல்.லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், 2009-இலேயே மரியா-டி.பி. என்று தனியே பிரித்துக்கொண்டு போனார். ஜி.பி.எல். இருந்ததால் போக முடிந்தது. ஆனால் வேறு லைசென்ஸில் விற்கும் அதிகாரம் அவரோடு போகவில்லை. அது ஆரக்கிளிடம் போய்ச் சேர்ந்தது. தன் கையால் எழுதியதே தன்னுடையது இல்லை என்ற நிலைமை. எழுதிக் கொடுத்த மற்றவர்களுக்கும் அதே நிலைமைதான்.

சன்னிடம் இருந்த ஓப்பன் ஆபீஸும் இதே போலத்தான். அதற்குக் கோடு கொடுத்தவர்கள் உரிமையைச் சன்னோடு பங்கு போட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆரக்கிள் கைக்குப் போனதும் பலருக்கு நம்பிக்கை போய், 2010 செப்டம்பரில் லிப்ரே ஆபீஸ் என்று பிரிந்தார்கள். பட்ட பாட்டில் படித்த பாடம், அங்கே இனி யாரும் உரிமையை எழுதித் தர வேண்டியதில்லை என்று வைத்துவிட்டார்கள்.

பட்டா நம் பேரில்தானே இருக்கிறது, சி.எல்.ஏ.வில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஹாஷிகார்ப் என்ற நிறுவனத்தின் டெராஃபார்ம் புரோகிராமுக்கு வெளியார் பலர் கோடு கொடுத்தார்கள், சி.எல்.ஏ.வில் கையெழுத்தும் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் நிறுவனம் லைசென்ஸை மாற்றியது. தங்களோடு போட்டி போடுகிறவர்கள் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. கட்டற்றது என்று சொல்ல முடியாத லைசென்ஸ். யாரையும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பவர்தான் முதலிலேயே கொடுத்தாயிற்றே! பழைய கோடை வைத்துக்கொண்டு ஓப்பன் டோஃபு என்று இன்னொரு பிரிவு கிளம்பியது. சட்டப்படி நிறுவனம் தவறு ஒன்றும் செய்யவில்லை. கையெழுத்துப் போட்டபோதே இது நடக்கலாம் என்று பத்திரத்தில் இருந்தது. படித்தவர்கள் எத்தனை பேர்?

இப்போது நம் ஊர்ச் சட்டத்துக்கு வருகிறேன். இதுதான் உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படுவது.

1957 சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் சொந்தக்காரர் வேலை கொடுத்தவர்தான் என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. அப்ரென்டிஸ் ஒப்பந்தத்துக்கும் அதே விதி. ஆகவே கேம்பஸில் வேலை வாங்கிக்கொண்டு போகிற தம்பிகள், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை முழுசாகப் படியுங்கள். சம்பள வரியை மட்டும் படித்தால் போதாது. “வேலைக்காலத்தில் எழுதுவது எல்லாம் நிறுவனத்துக்கே” என்று ஒரு வரி இருக்கலாம். அப்படி இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுதியது யாருடையது என்ற வாதம் கிளம்பும். உங்களுடையதே இல்லாத ஒன்றை நீங்கள் எப்படித் தானம் கொடுக்க முடியும்?

இதனால்தான் க்னூ திட்டத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது, “இதில் எங்களுக்கு உரிமை இல்லை” என்று வேலை கொடுத்தவரிடமும் ஒரு கையெழுத்து கேட்பார்கள். நானும் ஒரு முறை இதற்காக அலைந்திருக்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் அந்தத் தாளைப் பார்த்ததும் மேனேஜர் பர்சனல் பிரிவுக்கு அனுப்பினார். அவர்கள் வக்கீலுக்கு அனுப்பினார்கள். வக்கீல், “இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்லையே” என்று திருப்பி அனுப்பினார். கையெழுத்து வந்து சேர ஐந்து மாதம். கோடு எழுத எனக்கு ஆனது இரண்டு வாரம்! இந்த அலைச்சலுக்குப் பயந்தே எத்தனையோ பேர் ஒதுங்கியிருப்பார்கள். பத்திர முறைக்கு நாம் கொடுக்கும் விலை இது. ஜி.சி.சி.யின் வழிகாட்டுக் குழு 2021 ஜூன் மாதம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. விருப்பப்பட்டால் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் பெயர் போட்டு உறுதி சொல்லலாம். ஜி-லிப்-சி-யும் அதே ஆண்டு ஆகஸ்டில் அப்படியே மாறியது.

மாணவர்கள் நிலைமை கொஞ்சம் நல்ல நிலைமை. நீங்கள் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. ஆகவே பொதுவாக நீங்கள் எழுதியது உங்களுடையதே. ஆனால் ஒரு நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் புராஜெக்டாக இருந்தால், கல்லூரி விதியில் ஏதாவது இருந்தால், பயிற்சிக்குப் போன இடத்தில் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது 19-ஆவது பிரிவு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். “எடுத்துக்கோங்க சார்” என்று வாயால் சொன்னது அசைன்மென்ட் ஆகாது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று சட்டமே வைத்துக்கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதி ஆகிவிடும். எழுதுகிறவனைக் காப்பாற்ற வந்த விதிகள் இவை. ஆனால் கட்டற்ற மென்பொருள் உலகம் முழுவதும் போவது, காலாகாலத்துக்கும் நிற்க வேண்டியது. மனப்பூர்வமாகக் கொடுக்க நினைத்தால், “முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்” என்ற வார்த்தைகள் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கொடுக்க மனசில்லை என்றால் அதே வார்த்தைகளைப் பார்த்து ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

57-ஆவது பிரிவையும் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பிடித்த பிரிவு. உரிமையை முழுக்க எழுதிக் கொடுத்த பிறகும், “இதை எழுதியவன் நான்” என்று சொல்லும் உரிமை உங்களை விட்டுப் போகாது என்கிறது அது. சொத்து கை மாறும். பிள்ளைக்கு அப்பா பேர் மாறாது.

கடைசியாக, “அப்ப என்னதான் பண்ணட்டும்?” என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது நான்கு கேள்விகள். பத்திரம் வந்தால் இந்த நான்குக்கும் பதில் தேடுங்கள்.

ஒன்று, இதைக் கொடுக்கும் உரிமை முதலில் எனக்கு இருக்கிறதா? இரண்டு, வாங்குகிறவர் யார்? லாப நோக்கமில்லாத அறக்கட்டளையா, நாளைக்கே வேறொருவர் விலைக்கு வாங்கிவிடக்கூடிய கம்பெனியா? மூன்று, என்றைக்கும் கட்டற்றதாகவே வைத்திருப்பேன் என்று பத்திரத்தில் வாக்கு இருக்கிறதா? வெப்சைட்டில் இருப்பது போதாது, பத்திரத்தில் இருக்க வேண்டும். நான்கு, நான் எழுதியதை நான் திரும்பப் பயன்படுத்த எனக்கு அனுமதி இருக்கிறதா?

நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், என்னைக் கேட்டால், நான் போட மாட்டேன். ஆனால் அந்தக் கம்பெனியின் புரோகிராம் உங்களுக்குப் பிடித்திருக்கலாம், அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கலாம். அப்போது நடக்கக்கூடியது என்ன என்று தெரிந்துகொண்டு போடுங்கள். தெரிந்து கொடுப்பது தானம். தெரியாமல் கொடுத்தால், பின்னாலே மனசு ஆறாது.

இங்கே சீனியர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். பலர் இன்று நிறுவனங்களை நடத்துகிறீர்கள், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளை, “சொந்த நேரத்தில் எழுதியதைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொடுக்கிறேன், ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தாருங்கள்” என்று வந்து நின்றால், ஐந்து மாதம் அலைய விடாதீர்கள். உங்கள் அலுவலகத்து சர்வரில் ஓடுவது அநேகமாக லினக்ஸ்தான். யாரோ ஒரு முதலாளி, எங்கேயோ ஒரு நாட்டில், ஆட்சேபணை இல்லை என்று சொன்னதால்தான் அது உங்கள் மேஜை வரைக்கும் வந்திருக்கிறது.

 சாப்பாடு ரெடி என்று செயலாளர் கையைக் காட்டுகிறார்.